லண்டனில் எடுத்த ஒரு தமிழ்ப் படம் டிவிடியாக வெளிவந்த கதை: வயதுச் சான்று குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

2017-இல் லண்டன் தமிழர்கள் சிலர் சேர்ந்து எடுத்த முழுநீளப் படம் ஒன்றுக்கு, வீட்டில் பார்க்கும் டிவிடிக்கான வயதுச் சான்று வாங்கிய அனுபவம் இது. ஆட்களின் பெயரும் படத்தின் பெயரும் இங்கே வராது. டிவிடிக்கான மூலப்பிரதியைத் தயாரிப்பதும் சான்றுக்கு விண்ணப்பிப்பதும் என் பொறுப்பு. பிரிட்டனில் சிறு முதலீட்டில் தமிழ்ப் படம் எடுக்கிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். அதனால் நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட ஓர் இளைஞன், அவனுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்த அக்கா. இவர்கள் இருவரைச் சுற்றித்தான் கதை. பெரும்பகுதி லண்டனில் எடுத்தது, சிறுவயதுக் காட்சிகள் மட்டும் யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில். தயாரிப்பாளர் பலசரக்குக் கடை நடத்தும் பெரியவர். இயக்குநர் பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு வார இறுதிகளில் படம் எடுத்தவர்.

டிவிடி யோசனைக்கு முன்பே படத்தை ஒரு மண்டபத்தில் காட்டியிருந்தார்கள். பிரிட்டனில் பொதுமக்களுக்குத் திரையிடும் படத்தை எந்த வயதினர் பார்க்கலாம் என்பதில் இறுதி அதிகாரம் உள்ளூர் கவுன்சிலுக்கு. வழக்கமாகக் கவுன்சில்கள் பிரித்தானியத் திரைப்பட வகைப்பாட்டு வாரியம், அதாவது பிபிஎஃப்சி, தரும் வகையை அப்படியே ஏற்றுக்கொள்ளும். வாரியம் பார்க்காத படத்துக்குக் கவுன்சிலே வயது வரம்பு நிர்ணயிக்கலாம். இந்தப் படத்துக்கு அப்படித்தான் கவுன்சிலிடமிருந்து 12ஏ கிடைத்தது: 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெரியவர் ஒருவருடன் வந்து பார்க்கலாம்.

மண்டபத்துக்கு வர முடியாத வயதானவர்கள் பலர் டிவிடி கேட்டார்கள். இணையத்தில் காசு கட்டிப் படம் பார்க்கத் தெரியாதவர்கள், தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லாதவர்கள். ஆகவே தட்டாகவே போடுவது என்று முடிவாயிற்று. என்னிடம் வந்தபோது உறை அச்சாகிவிட்டிருந்தது. முன்பக்க மூலையில் 12ஏ சின்னம், பின்பக்கத்தில் "சிறப்புச் சேர்க்கை: படம் உருவான கதை" என்ற வரி.

"தம்பி, கவுன்சிலே ஓம் எண்டு சொன்ன படத்துக்கு இன்னொரு சான்றிதழ் என்னத்துக்கு?" என்று தயாரிப்பாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லச் சட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது.

சட்டம் சொல்வது

பிரிட்டனில் படத்தட்டுகளைக் கட்டுப்படுத்துவது 1984-ஆம் ஆண்டின் வீடியோ பதிவுகள் சட்டம். 80-களின் தொடக்கத்தில் வீட்டுக்கு வீடு வீடியோ கருவி வந்து, கொடூரமான படங்களின் கேசட்டுகள் கேட்பாரின்றிக் கடைகளில் கிடைத்தபோது எழுந்த கொந்தளிப்பில் பிறந்தது அது. 2009-இல் ஒரு விசித்திரம் தெரியவந்தது. இந்தச் சட்டத்தை இயற்றியபோது ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி அறிவிக்காமல் விட்டிருந்தார்கள். அதனால் 25 ஆண்டுகளாக அமலில் இருந்த ஒன்றை 2010-இல் நீக்கி, அதே சொற்களோடு மறுபடியும் உயிர்ப்பித்தார்கள். சட்டம் செல்லாது என்ற பழைய பேச்சை இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. அந்த ஓட்டை எப்போதோ அடைபட்டுவிட்டது.

பிபிஎஃப்சியின் சான்றில்லாத படத்தட்டை விற்பதும் விற்பதற்காக வைத்திருப்பதும் குற்றம், இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. சோதனைக்கு வருகிறவர்கள் கவுன்சிலின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அதிகாரிகள், அதாவது கடைகளின் வியாபாரம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பவர்கள். திரையிடலுக்குக் கவுன்சில் தந்த அனுமதி தட்டுக்குச் செல்லாது. 12ஏ என்பதே 2002-இல் திரையரங்குக்கென்று வந்த வகை, தட்டுக்கு அது கிடையாது. தட்டில் வரக்கூடியது வெறும் 12. அதை 12 வயதுக்குக் குறைந்த ஒருவருக்கு விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ கூடாது, பெற்றோர் பக்கத்தில் நிற்பதால் விதி மாறாது. பெற்றோர் தாங்களே வாங்கிப்போய் வீட்டில் யாருக்குக் காட்டுகிறார்கள் என்பது அவர்கள் பாடு.

தயாரிப்பாளர் இன்னொரு வழி கேட்டார்: "காசு வாங்காமல், என்ர கடையில சாமான் வாங்குற ஆக்களுக்குச் சும்மா குடுத்தால்?" பணமும் வாங்காமல் வியாபாரத்தின் பகுதியாகவும் இல்லாமல் கொடுத்தால்தான் சட்டம் விலக்கு தருகிறது. சாமான் வாங்குகிறவருக்குக் கடையில் வைத்துக் கொடுப்பது வியாபாரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. போதாக்குறைக்கு அவர் கடையில் ஒரு தட்டி நிறைய இந்தியப் படங்களின் டிவிடிகள் விற்பனைக்கு இருந்தன. படத்தட்டு விற்கும் இடத்தில் யார் எதைக் கொடுத்தாலும் அதை வியாபாரமாகவே கருத வேண்டும் என்று சட்டத்தில் தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. அதைப் படித்துக் காட்டியதும் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

படத்தில் கண்டவை

விண்ணப்பிக்கும் முன் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கேள்வி வரக்கூடிய இடங்களை நேரக்குறியோடு எழுதினேன். வாரியத்தின் வழிகாட்டு நெறிகள் பொதுவில் கிடைக்கின்றன, அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒரு வசைச்சொல் இரண்டு இடத்தில் வந்தது. முகாமில் நடந்த சித்திரவதையைப் பற்றி அக்காவின் கணவர் பேசும் காட்சி ஒன்று, பேச்சு மட்டும்தான். இவை 12-க்குள் அடங்கும் என்று பட்டது. கவலை தந்தவை வேறு மூன்று.

முதலாவது கோழிச்சண்டை. கிராமத்துச் சிறுவயதுக் காட்சியில் 40 விநாடி வருகிறது. பிரிட்டனில் 1937-ஆம் ஆண்டின் திரைப்பட விலங்குகள் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. படத்துக்காகவே ஏற்பாடு செய்து ஒரு விலங்குக்கு வலியோ பயமோ உண்டாக்கியிருந்தாலும், அதைக் கொடுமையாக வெறியேற்றியிருந்தாலும், அந்தக் காட்சியைத் திரையிடக் கூடாது என்பது அதன் சாரம். அந்தச் சட்டம் திரையரங்குக்கு உரியது, ஆனால் வாரியம் தட்டுகளுக்கும் அதே அளவுகோலைத்தான் வைக்கிறது. குதிரையைக் கால் இடறி விழவைக்கும் காட்சிகளும் சேவல் சண்டையும் இந்தியப் படங்களிலிருந்து இங்கே பலமுறை வெட்டப்பட்டிருக்கின்றன. ரத்தம் எவ்வளவு தெரிகிறது என்பது இதில் பெரிய விஷயமில்லை. அந்தச் சேவலுக்குப் படப்பிடிப்பில் உண்மையில் என்ன நேர்ந்தது என்பதுதான் கேள்வி.

இயக்குநரைக் கேட்டேன். பெரும்பாலான ஷாட்டுகளில் இரு பக்கமும் ஆட்கள் சேவலின் வாலடியைப் பிடித்திருந்தார்கள், காமிராவை நெருக்கமாக வைத்ததால் கை தெரியவில்லை. அதெல்லாம் சரி. "ஒரு டேக்கில மட்டும் விட்டுட்டம் அண்ணை. ஆறு செக்கண்ட் இருக்கும்." அந்த ஆறு விநாடியை நான் ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தேன். ஒரு சேவல் மற்றதன் கழுத்தில் பாய்கிறது, இறகு பறக்கிறது, அடிபட்டது நிலத்தில் புரண்டு எழுகிறது. நடிப்பு எதுவும் இல்லை. அந்த ஆறு விநாடிக்காக ஓர் உயிர் அடி வாங்கியிருக்கிறது.

இரண்டாவது, இளைஞன் உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் காட்சி. அதில் ஒன்பது விநாடி ஒரு நெருக்கமான ஷாட். அவன் என்ன செய்கிறான், எப்படிச் செய்கிறான் என்று கைகளை மட்டும் காட்டுவது. பார்த்துச் செய்யக்கூடிய விவரத்தில் காமிரா நிலைத்து நிற்கக் கூடாது என்பது வழிகாட்டு நெறி, பார்க்கும் வயது குறையக் குறைய இதில் இறுக்கம் கூடும்.

மூன்றாவது, யாருமே நினைத்துப் பார்க்காத "படம் உருவான கதை". அதில் கோழிச்சண்டை டேக் வெட்டில்லாமல் முழுதாக இருந்தது. கூடவே படப்பிடிப்புக் களேபரத்தில் ஒலித்த கெட்ட வார்த்தைகள். தட்டில் இருக்கும் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே பார்ப்பார்கள், அவற்றில் உயர்ந்த வகை எதுவோ அதுவே பெட்டிக்கு. விவரணப்படம், இசை, விளையாட்டு ஆகியவற்றுக்கு முன்பு தாராளமான விலக்கு இருந்தது. 2014 முதல், 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒவ்வாதது இருந்தால் அவையும் சான்று வாங்கியாக வேண்டும்.

அனுப்புவதற்கு முன் எடுத்த முடிவுகள்

ஆறு விநாடி சண்டையை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னேன். வாரியம் வெட்டச் சொல்லும்வரை காத்திருக்கலாம் என்றார் இயக்குநர். காத்திருப்பதில் பணமும் நாளும் போகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, வெட்டு வருமா வராதா என்று சூதாடுகிற அளவுக்கு அந்த ஷாட் கதைக்கு எதையும் தரவில்லை. அந்த இடத்தில் வேலியோரம் நிற்கும் சிறுவனின் முகத்தை வைத்து, சத்தத்தை மட்டும் ஓடவிட்டோம். மீதி ஷாட்டுகள் எப்படி எடுக்கப்பட்டன என்று இயக்குநர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைத் தயார்செய்து, சேவலின் வாலைப் பிடித்திருக்கும் கைகள் தெரியும் மூலக் காட்சிகளையும் எடுத்து வைத்தோம்.

"படம் உருவான கதை" முழுதாகத் தட்டிலிருந்து நீக்கப்பட்டது. டிரெய்லரை வைத்துக்கொண்டோம்.

ஒன்பது விநாடி ஷாட்டில்தான் உடன்பாடு வரவில்லை. சான்று எப்படி வந்தாலும் அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. தற்கொலையைப் பற்றி ஊடகங்கள் பேசும்போது முறையை விவரிக்க வேண்டாம் என்று, மனமுடைந்தவர்களுக்குத் தொலைபேசியில் காதுகொடுக்கும் சமரிட்டன்ஸ் அமைப்பு நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. இந்தப் படத்தைப் பார்க்கப்போகிற வீடுகளில், நிராகரிப்புக் கடிதம் கையில் வைத்திருக்கும் பையன்கள் இருக்கிறார்கள். இயக்குநர் வேறு விதமாகப் பார்த்தார். அவன் வலியைப் பூசி மெழுகக் கூடாது, அந்தக் கைகளில்தான் படத்தின் கனமே இருக்கிறது என்றார். படம் அவருடையது. ஷாட் அப்படியே போயிற்று.

விண்ணப்பம்

விண்ணப்பம் இணையவழிதான். கணக்குத் திறந்து, தலைப்பு, மொழி, நீளம், விநியோக நிறுவனத்தின் பெயர், எந்த வகையை எதிர்பார்க்கிறோம் என்ற விவரங்களைக் கொடுக்க வேண்டும். 12 கேட்டிருந்தோம். கட்டணம் இரண்டு பகுதி: விண்ணப்பத்துக்கு ஒரு தொகை, அதற்கு மேல் நிமிடக் கணக்கு. இரண்டுக்கும் வாட் வரி உண்டு.

நிமிடக் கணக்கில் பலர் குழம்புகிற இடம் ஒன்றுண்டு. திரையிடலுக்கான பிரதி விநாடிக்கு 24 ஃபிரேம். இங்கே டிவிடிக்கு 25, அதனால் படம் கொஞ்சம் வேகமாக ஓடும். மண்டபத்தில் 101 நிமிடம் ஓடிய படம் தட்டில் 97 நிமிடம். தட்டுக்குப் போகிற பிரதியைத்தான் அனுப்ப வேண்டும், நீளத்தையும் அதன்படியே எழுத வேண்டும். சான்று பார்த்த பிரதிக்கு மட்டுமே செல்லும். பிறகு ஒரு காட்சியைச் சேர்த்தாலும் அது வேறு படைப்பு ஆகிவிடும். ஆகவே சப்டைட்டில், ஒலிக்கலவை, இறுதிப் பெயர்ப்பட்டியல் எல்லாம் முடிந்த பிறகே அனுப்பினோம்.

வந்த பதில்

கோழிச்சண்டை பற்றி விளக்கம் கேட்டார்கள். கடிதமும் மூலக் காட்சிகளும் போயின, அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. முன்கூட்டியே தயாராக இருந்ததால் அங்கே ஒரு நாள்கூட வீணாகவில்லை.

இருக்கிறபடியே என்றால் 15, அந்த ஒன்பது விநாடியை எடுத்தால் 12 தர இயலும் என்று பதில் வந்தது. எதை ஏற்பது என்பது விண்ணப்பிப்பவர் விருப்பம். முடிவில் திருப்தியில்லை என்றால் மறுபரிசீலனை கேட்கலாம், அதற்கும் மேலே வீடியோ மேல்முறையீட்டுக் குழு என்று ஒன்று உண்டு.

"கவுன்சில் 12ஏ தந்த படத்துக்கு இவையள் 15 எண்டுறது என்ன ஞாயம்?" என்றார் தயாரிப்பாளர். இதற்கும் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. தட்டுக்குச் சான்று தரும்போது, அது வீட்டில் பார்க்கப்படும் என்பதைத் தனிக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று 1984 சட்டம் சொல்கிறது. பார்க்கிறவருக்கு விளையக்கூடிய தீங்கையும், அவர் மூலம் சமூகத்துக்கு விளையக்கூடிய தீங்கையும் எடைபோட வேண்டும் என்று 1994-இல் கூடுதலாகச் சேர்த்தார்கள். மண்டபத்தில் அந்த ஒன்பது விநாடி ஒருமுறை ஓடி மறைந்துவிடும், பக்கத்தில் அம்மாவோ மாமாவோ இருப்பார்கள். வீட்டில் ஒரு பையன் தனியாக இருந்து ரிமோட்டை அழுத்தி அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடியும். நிறுத்தியும் வைக்க முடியும். வாரியத்தின் முடிவு கடுமையானது என்று எனக்குத் தோன்றவில்லை.

12-ஆ, 15-ஆ

கடையின் பின்னறையில் மூவரும் உட்கார்ந்து பேசினோம். தயாரிப்பாளருக்கு 12 வேண்டும். காரணம் வியாபாரம் மட்டுமல்ல, அக்காவாக நடித்தவரின் மகளுக்கே 13 வயது. இயக்குநர் 15 போதும் என்றார், படத்தில் கைவைக்க வேண்டாம் என்பதற்காக. மறுபரிசீலனைக்குப் போகலாமா என்றும் பேசினோம். சொல்வதற்குப் புதிய வாதம் எங்களிடம் எதுவும் இல்லாததால் அதை விட்டோம்.

நான் பழையபடி அந்த ஷாட்டைப் பற்றியே பேசினேன். 15 வாங்கினால் அது தட்டில் இருக்கும். 15, 16 வயதுப் பையன்கள் அதைப் பார்ப்பார்கள், அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சரி, வயதைக் குறைப்பதற்காக வெட்டுகிறோம் என்று நினைக்க வேண்டாம், அந்த விவரம் யாருக்கும் தேவையில்லை என்பதற்காக வெட்டுவோம் என்றேன். இயக்குநர் நெடுநேரம் பேசவில்லை. அப்புறம், அக்கா கதவுக்கு வெளியே நிற்கும் ஒரு ஷாட் பாவிக்காமல் கிடக்கிறது, அதை வைத்துப் பார்க்கிறேன் என்றார்.

அன்றிரவே வெட்டினோம். ஒன்பது விநாடியை எடுத்த இடத்தில் ஒன்பது விநாடியே வைத்தோம். படத்தின் நீளம் மாறாது, அதற்குப் பின்னால் வரும் சப்டைட்டில் ஒன்றும் நகராது. ஒலியும் பழையபடியே ஓடியது. அக்கா கதவில் கை வைக்கிறாள், தட்டவில்லை, உள்ளே ஏதோ சத்தம் கேட்டதும் தட்டத் தொடங்குகிறாள். எனக்குக் காட்சி மெலிந்ததாகத் தெரியவில்லை. இயக்குநர் இன்றுவரை அதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

மாற்றிய பகுதியை அனுப்பி, 12 கிடைத்தது.

வெளியீடும் பிறகும்

12ஏ அச்சிட்ட பழைய உறைகள் அத்தனையும் குப்பைக்குப் போயின. சின்னம் உறையின் முன்பக்கத்திலும் முதுகிலும் தட்டின் மேலும் வர வேண்டும், அளவுக்கும் நிறத்துக்கும் விதிகள் உண்டு. பின்பக்கத்தில் படத்தில் என்ன இருக்கிறது என்ற குறிப்பும் வந்தது: தற்கொலை முயற்சி, சித்திரவதை பற்றிய பேச்சு. விற்பனை கெடும் என்று தயாரிப்பாளர் முதலில் பயந்தார். ஆனால் அந்த வரியைப் படித்துவிட்டு, நான் முதலில் பார்த்துவிட்டுப் பிள்ளையோடு பார்க்கிறேன் என்று சொல்லி வாங்கிப்போன தாய்மார் இருந்தார்கள் என்று அவரே பிறகு சொன்னார். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த செய்தி அதுதான். வயது எண் ஒரு கதவு மாதிரி, குறிப்புத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறது.

கோயில் திருவிழாவில் மேசை போட்டு விற்றபோது ஒரு சிக்கல் வந்தது. விற்க நின்றவர்கள் பள்ளிப் பிள்ளைகள். பத்து வயதுப் பையன் ஒருவன் காசை நீட்டியபோது எதுவும் கேட்காமல் கொடுக்கப் போனார்கள். பெரியவர் ஒருவர் பார்த்துத் தடுத்தார். அதன்பிறகு மேசையில் எப்போதும் ஒரு பெரியவர் இருந்தார்.

அடுத்த படத்தில் மாற வேண்டியவை

இதே குழு இன்னொரு படம் எடுக்கப்போவதாகச் சொன்னபோது நான் முதலில் கேட்டது திரைக்கதையை. விலங்கு வரும் காட்சிகளைப் படப்பிடிப்புக்கு முன்பே குறித்து, யார் பிடிப்பது, எப்படி எடுப்பது என்று எழுதி வைத்து, எடுக்கும்போதே பக்கத்தில் இன்னொரு காமிராவை ஓடவிட வேண்டும். பின்னால் யாராவது கேட்டால் காட்ட அதுவே சான்று. சேவலுக்கும் அதுவே நல்லது.

கட்டணத்தைத் தயாரிப்புச் செலவிலேயே ஒதுக்க வேண்டும். இந்தப் படத்தில் அது கடைசியில் தயாரிப்பாளரின் கடைக் கல்லாவிலிருந்து போயிற்று. சிறப்புச் சேர்க்கைகளுக்கும் நிமிடக் கணக்கு ஓடும், அதனால் தேவையானதை மட்டும் வைப்பது நல்லது. "படம் உருவான கதை"யை இணையத்தில் போடச் சட்டம் குறுக்கே வராது, 1984 சட்டம் தட்டு போன்ற கைப்பொருளுக்கு மட்டும்தான். ஆனாலும் அந்தச் சண்டை டேக்கை அங்கேயும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், போடவில்லை.

உறையைச் சான்று கையில் வந்த பிறகே அச்சுக்குக் கொடுக்க வேண்டும். எந்தெந்த நாட்டில் விற்கப்போகிறோம் என்பதையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். படம் வெளிவந்து கொஞ்ச நாளில் டப்ளினில் உள்ள தமிழ்க் கடைக்காரர் ஒருவர் ஒரு பெட்டி கேட்டார். அயர்லாந்துக் குடியரசுக்கு 1989-ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் தனி அலுவலகமும் உண்டு, பிரிட்டனின் 12 அங்கே செல்லாது. ஒரு பெட்டிக்காக மறுபடி கட்டணம் கட்ட முடியாது என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் பிரிட்டன் சட்டத்துக்குள் வருவதால் அங்கே கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்பினோம்.